பாஸ்கா திருவிழிப்புக்கு முதல் தடவை போறீங்களா? அந்த ராத்திரி என்ன நடக்கும், ஏன் நடக்கும்

ஈஸ்டர்னா ஞாயித்துக்கிழமை காலைல புது டிரஸ் போட்டு கோயிலுக்குப் போயிட்டு, வந்து பிரியாணி சாப்பிடுறதுன்னுதான் நம்மள்ல நிறைய பேர் நினைச்சிட்டு இருக்கோம். ஆனா கத்தோலிக்க வழிபாட்டு வருஷத்துல எல்லாத்தையும் விட பெரிய வழிபாடு அதுக்கு முந்தின ராத்திரி, பெரிய சனிக்கிழமை இருட்டினதுக்கு அப்புறம்தான் நடக்குது. அதுதான் பாஸ்கா திருவிழிப்பு. கிறிஸ்மஸ் நடுராத்திரி பூசைகூட இதுக்கு அடுத்துதான். திருவிழிப்புகளுக்கெல்லாம் தாய்னு இதை புனித அகுஸ்தீனார் சொன்னாரு, அவர் சும்மா சொல்லல, அவரே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வாங்கினது இந்த ராத்திரிலதான், அந்தக் கதை கீழ வருது.

ஃபிரண்டு கூப்பிட்டாங்கன்னு முதல் தடவை போறவங்க, கத்தோலிக்க வீட்ல கல்யாணம் பண்ணி வந்தவங்க, சிஎஸ்ஐ சபையிலருந்து பாக்க வர்றவங்க, ஏன், சின்ன வயசுல இருந்து கோயிலுக்குப் போயும் இந்த ராத்திரி மட்டும் பாதிலயே தூங்கிப் போனவங்க, எல்லாருக்கும் சேத்துதான் இதை எழுதுறேன். ஒண்ணே ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க: இந்த ராத்திரி வழிபாடு இந்த வடிவத்துக்கு வந்ததே புதுசா சபைக்குள்ள வர்றவங்களாலதான். அதனால நமக்கு ஒண்ணும் தெரியாதேன்னு பின்னாடி தூண் ஓரமா ஒதுங்கி நிக்க வேண்டிய அவசியமே இல்ல.

முதல்ல தேதியைப் பாருங்க

ஈஸ்டர் ஒவ்வொரு வருஷமும் மாறும். மார்ச் 21 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால சீக்கிரமா வந்தா மார்ச் 22, லேட்டா வந்தா ஏப்ரல் 25. 2027ல மார்ச் 28, 2028ல ஏப்ரல் 16. நீங்க குறிச்சு வைக்க வேண்டியது அதுக்கு முந்தின சனிக்கிழமையை.

நிலாவை வெச்சு ஏன் கணக்கு பண்றாங்கன்னா, இந்த விழாவோட வேர் யூதர்களோட பாஸ்காவுல இருக்கு. எகிப்துல அடிமையா இருந்த மக்கள் ஆட்டுக்குட்டியோட ரத்தத்தை வாசல் நிலையில பூசிட்டு, செருப்பு மாட்டி, கையில கோலோட, எந்த நேரமும் கிளம்பத் தயாரா நின்னு அவசர அவசரமா சாப்பிட்ட ராத்திரி அது. விவிலியத்துல விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 12ஆம் அதிகாரம் அந்த ராத்திரியை ஆண்டவருக்காக கண்விழிக்க வேண்டிய ராத்திரின்னே சொல்லுது. இயேசுவோட சாவும் உயிர்ப்பும் அதே பாஸ்கா நாட்கள்லதான் நடந்துச்சுங்கறதால கிறிஸ்தவங்களும் அதே நிலாவைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க.

ஆனா எந்த நாள்லங்கறதுல ஆரம்பத்துலயே பெரிய தகராறு. ஆசியா மைனர் பக்கம், அதாவது இன்னைக்கு துருக்கி இருக்குற இடத்துல இருந்தவங்க யூதர்களோட நிசான் மாசம் 14ஆம் நாளையே வெச்சுக்கிட்டாங்க, அது எந்தக் கிழமையா இருந்தாலும் சரி. ரோமைல ஞாயித்துக்கிழமைதான். அந்த ஆசியா மைனர் பக்கத்து ஸ்மிர்னா ஊரோட ஆயர் (பிஷப்) பொலிகார்ப் தள்ளாத வயசுல ரோமைக்குப் போய் போப் அனிசேத்து கூட இதைப் பத்தி உக்காந்து பேசினாரு, ரெண்டு பேரும் விட்டுக் கொடுக்கல, ஆனாலும் அனிசேத்து தன் கோயில்லயே பொலிகார்பை நற்கருணை வழிபாடு, அதாவது பூசை, நடத்தச் சொல்லி மரியாதை பண்ணி சமாதானமா அனுப்பி வெச்சாரு. கருத்து ஒத்துப் போகலன்னாலும் ஒரே பீடத்துல நிக்கலாம்னு காட்டினாங்க பாருங்க, சபை வரலாறுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. அப்புறம் 325ல நிசேயாவுல ஆயர்கள் கூடின சங்கத்துலதான் எல்லாரும் ஒரே ஞாயிறுல கொண்டாடணும்னு முடிவாச்சு. இப்பவும் ஆர்த்தடாக்ஸ் சபைகள் பல பழைய ஜூலியன் காலண்டரை வெச்சு கணக்கு பண்றதால அவங்களுக்கு பெரும்பாலும் வேற தேதி வரும், சில வருஷம் ஒண்ணாவும் வரும், 2025ல ரெண்டு பக்கமும் ஏப்ரல் 20தான்.

கிளம்புறதுக்கு முன்னாடி

கோயில்ல நேரம் கேட்டுக்கோங்க. இருட்டறதுக்கு முன்னாடி ஆரம்பிக்கக் கூடாது, ஞாயிறு விடியறதுக்கு முன்னாடி முடிஞ்சிடணும், இதுதான் சட்டம். நம்ம ஊர்ல பல பங்குகள்ல (ஒரு ஃபாதர் பொறுப்புல இருக்குற கோயில் வட்டாரம்தான் பங்கு) ராத்திரி பத்தரை பதினொண்ணுக்கு ஆரம்பிப்பாங்க, வெளிநாடுகள்ல எட்டு ஒன்பதுக்கே ஆரம்பிச்சிடும். எப்படியும் ரெண்டரை மூணு மணி நேரம் ஆகும். அதனால மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டு வாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்கு எப்படித் திரும்புறதுன்னு முன்னாடியே யோசிச்சு வைங்க, ஆட்டோ கிடைக்காது.

கையில ஒரு மெழுகுதிரி வேணும். நிறைய கோயில்ல வாசல்லயே குடுப்பாங்க இல்ல விப்பாங்க, ஆனாலும் ஒண்ணு கொண்டு போங்க, மெழுகு கையில வடியாம இருக்க ஒரு பேப்பர் கப்போட அடியில ஓட்டை போட்டு மாட்டிக்கோங்க. காட்டன் துணி கட்டிட்டு வாங்க. பறக்குற ஷிஃபான் துப்பட்டா, சிந்தடிக் சேலை வேண்டாம், நூத்துக்கணக்கான பேர் இருட்டுல எரியுற திரியோட நெருக்கி நிப்பாங்க, முன்னாடி நிக்குற அக்காவோட தலையில இருக்குற மல்லிப்பூவுக்கும் உங்க திரிக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். பிள்ளைங்க இருந்தா விரிச்சுப் படுக்க ஒரு துண்டு. காலியான தண்ணி பாட்டில் ஒண்ணு, அது எதுக்குன்னு கடைசில சொல்றேன்.

லேட்டா மட்டும் போயிடாதீங்க. சாதாரண பூசைக்கு அஞ்சு நிமிஷம் பிந்தினா சமாளிச்சிடலாம், இங்க முதல் பத்து நிமிஷம்தான் உயிரே.

இருட்டுல ஒரு நெருப்பு

கோயிலுக்கு உள்ள போய் உக்காராதீங்க, வெளியவே நில்லுங்க. கோயில் விளக்கு எல்லாம் அணைச்சிருப்பாங்க. முற்றத்துல விறகு அடுக்கி தீ மூட்டியிருப்பாங்க, ஃபாதர் வந்து அந்தப் புது நெருப்பை மந்திரிப்பாரு, அதாவது ஜெபிச்சு ஆசீர்வதிப்பாரு. அப்புறம் ஒரு பெரிய மெழுகுதிரியைக் கொண்டு வருவாங்க, அதுதான் பாஸ்கா திரி. கிட்டப் போய் பாருங்க, பாக்க வேண்டிய விஷயம். ஃபாதர் அதுல முதல்ல ஒரு சிலுவை கீறுவாரு, சிலுவைக்கு மேலயும் கீழயும் கிரேக்க எழுத்தோட முதல் எழுத்து, கடைசி எழுத்து, நம்ம விவிலியத்துல அகரமும் னகரமும்னு வரும்ல அது. சிலுவையோட நாலு மூலையில அந்த வருஷத்தோட நாலு எண். காலம் எல்லாம் அவருடையதுன்னு சொல்லிக்கிட்டே ஒவ்வொரு எண்ணா கீறுவாரு. அப்புறம் அஞ்சு சாம்பிராணி மணியை அந்தச் சிலுவையில குத்தி வைப்பாரு, அது அஞ்சு திருக்காயம். கடைசியா அந்தப் புது நெருப்புல இருந்து திரியை ஏத்துவாங்க.

இந்தத் திரி ஒரு ராத்திரியோட முடிஞ்சு போற அலங்காரம் இல்ல. பெந்தகோஸ்தே வரைக்கும் 50 நாள் பீடத்துப் பக்கத்துல நிக்கும், அப்புறம் திருமுழுக்குத் தொட்டி கிட்ட போயிடும். அந்த வருஷம் அந்தப் பங்குல திருமுழுக்கு வாங்குற ஒவ்வொரு குழந்தைக்கும் இதுல இருந்துதான் திரி ஏத்துவாங்க, அடக்கப் பூசையில சவப்பெட்டி பக்கத்துலயும் இதைத்தான் ஏத்தி வைப்பாங்க.

இப்ப பவனி. திரி முன்னாடி போகும், நீங்க பின்னாடி போகணும். மூணு இடத்துல நின்னு திரியை உயர்த்தி கிறிஸ்துவின் ஒளின்னு பாடுவாங்க, ஒவ்வொரு தடவையும் சுருதி கொஞ்சம் ஏறும், நீங்க எல்லாரோடவும் சேந்து இறைவா உமக்கு நன்றின்னு பதில் பாடணும். ரெண்டாவது தடவை பாடினதும் பாஸ்கா திரியில இருந்து பீடச் சிறுவர்கள் ஏத்தி, அவங்க கிட்ட இருந்து ஓரத்துல நிக்குறவங்க, அவங்க கிட்ட இருந்து பக்கத்துல உள்ளவங்கன்னு தீ கை மாறி உங்ககிட்ட வரும். இதுக்கு ஒரு முறை இருக்கு: எரியுற திரியை நேரா பிடிங்க, ஏத்தாத திரியைத்தான் சாய்க்கணும். மாத்திப் பண்ணா சூடான மெழுகு யாரோ கையில கொட்டும்.

இந்த நேரத்துல தயவுசெஞ்சு ஃபோனை உள்ள வைங்க. ஃபோட்டோ எடுக்குறவங்க பெரிய எல்இடி லைட்டைப் போட்டுக்கிட்டு பவனிக்கு முன்னாடி பின்பக்கமா நடந்து போறாங்க, அந்த இருட்டு போச்சுன்னா அந்தச் சின்னத் தீயோட அர்த்தமே போச்சு. வீடியோ எடுத்தா எடுங்க, லைட் இல்லாம எடுங்க.

பாஸ்கா புகழுரை

திரியை அதோட தண்டுல வெச்சதும் திருத்தொண்டரோ (ஃபாதருக்கு அடுத்த நிலையில இருக்குற டீக்கன்) ஃபாதரோ ஒரு நீளமான பாட்டு பாடுவாரு. எல்லாரும் எரியுற திரியோட நிக்கணும், பத்து நிமிஷம் பக்கம் போகும், கால் வலிக்கும், ஆனா வார்த்தைகளைக் கேளுங்க. இதுவே அந்த இரவு, இதுவே அந்த இரவுன்னு திரும்பத் திரும்ப வரும், செங்கடலைக் கடந்த இரவும் கல்லறை திறந்த இரவும் நாம நிக்குற இந்த இரவும் ஒண்ணுதான்னு அது சொல்லுது. ஆதாமோட பாவத்தையே பாக்கியமான குற்றம்னு கூப்பிடுற தைரியம் வேற எந்த ஜெபத்துலயும் எனக்குத் தெரிஞ்சு இல்ல, இப்படிப்பட்ட மீட்பர் கிடைக்க அது காரணமாச்சேன்னு அர்த்தம். நடுவுல தேனீக்களையும் நினைச்சுப் பாப்பாங்க, திரிக்கு மெழுகு செஞ்சு குடுத்தது அதுங்கதானே.

தென் இத்தாலியில பெனவெந்தோ, பாரி பக்கம் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முன்னாடி இந்தப் பாட்டை நீளமான தோல் சுருள்ல எழுதி வெச்சாங்க. எழுத்து ஒரு பக்கமும் படம் தலைகீழாவும் இருக்கும். ஏன்னா திருத்தொண்டர் மேடையில நின்னு பாடப் பாட சுருள் முன்பக்கமா கீழ தொங்கிக்கிட்டே வரும், கீழ நிக்குற எழுத்துத் தெரியாத ஜனங்களுக்கு அப்ப படம் நேரா தெரியும். அந்தச் சுருள்கள் சிலது இன்னும் பத்திரமா இருக்கு.

இப்ப உக்காரலாம், வாசகங்கள்

திரியை ஊதி அணைச்சிட்டு உக்காருங்க. பழைய ஏற்பாட்டுல இருந்து ஏழு வாசகம் வெச்சிருக்காங்க: உலகம் படைச்சது, ஆபிரகாம் ஈசாக்கைப் பலி குடுக்கப் போனது, செங்கடல் பிளந்தது, எசாயால இருந்து ரெண்டு, பாரூக்கு, எசேக்கியேல். ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் ஒரு திருப்பாடல், ஒரு ஜெபம், ஜெபத்துக்கு எழுந்து நிக்கணும். பங்கோட வசதிக்கு ஏத்த மாதிரி மூணா குறைக்கலாம்னு அனுமதி இருக்கு, ஆனா செங்கடல் வாசகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. நிறைய இடத்துல நேரம் ஆகுதுன்னு மூணோட முடிச்சிடறாங்க, எனக்கு அதுல வருத்தம்தான், வருஷத்துல ஒரே ஒரு ராத்திரி, அதுலயும் என்ன அவசரம்.

இவ்வளவு வாசகம் எதுக்குன்னு தோணும். அந்தக் காலத்துல தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்பு, முழுக்க தயாரிப்பு எடுத்துட்டு வந்தவங்களுக்கு இதுதான் கடைசி வகுப்பு. 4ஆம் நூற்றாண்டுல எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியாங்கற பெண்மணி அங்க பாத்ததை எழுதி வெச்சிருக்காங்க, தவக்காலத்துல ஆயர் தினமும் பல மணி நேரம் உக்கார வெச்சு வேதத்தை முதல்ல இருந்து சொல்லிக் குடுத்திருக்காரு. கூர்ந்து கேட்டா பெரும்பாலான வாசகத்துல எங்கயாவது தண்ணி வரும், நீரோட மேல அசைவாடின ஆவி, பிரிஞ்ச கடல், நோவா காலத்து வெள்ளம், தாகமா இருக்குறவங்களைக் கூப்பிடுற குரல், தூய நீரைத் தெளிச்சு கல் மனசை எடுத்துட்டுப் புது மனசு தர்றேங்கற வாக்கு. விடியறதுக்கு முன்னாடி தொட்டில இறங்கப் போறவங்களுக்கு இதை விட வேற என்ன சொல்ல?

மணி அடிக்கும், திடுக்கிடாதீங்க

பழைய ஏற்பாடு முடிஞ்சதும் உன்னதங்களிலே பாட்டு. பெரிய வியாழன் பூசையில இதே பாட்டோட நின்னு போன மணி இப்பதான் திரும்ப அடிக்கும், கோபுர மணி, கைமணி எல்லாம் ஒண்ணா. பீடத்துத் திரி ஏத்துவாங்க, விளக்கு எல்லாம் எரியும். நம்ம ஊர்க் கோயில்கள்ல பல இடத்துல இந்த நேரத்துலதான் திரை விலகி உயிர்த்த ஆண்டவர் சுரூபம் தெரியும், வெளிய பட்டாசு வெடிப்பாங்க. தூங்குற குழந்தையை மடியில வெச்சிருந்தா முன்கூட்டியே காதைப் பொத்திக்கோங்க.

அப்புறம் ரோமையர் திருமுகம், அதுக்கு அடுத்து அல்லேலூயா. தவக்காலம் ஆரம்பிக்கிற சாம்பல் புதன்ல இருந்து இந்த வார்த்தையை பூசையில யாரும் பாடியிருக்க மாட்டாங்க. நாப்பது நாளுக்கும் மேல வாய் மூடி இருந்துட்டுப் பாடுற அல்லேலூயா, அதனால தெரிஞ்ச ராகமா இருந்தா சத்தமாவே பாடுங்க.

திருமுழுக்கு, இந்த ராத்திரியோட நடு

புனிதர்கள் மன்றாட்டு மாலை பாடுவாங்க, மத்த நேரத்துல முழங்கால் போட்டுப் பாடுற இதை இன்னைக்கு நின்னுக்கிட்டே பாடணும், உயிர்ப்புக் காலம்கறதால. அப்புறம் தண்ணியை மந்திரிக்கிறப்ப ஃபாதர் பாஸ்கா திரியோட அடிப்பாகத்தை தண்ணியில இறக்குவாரு.

எருசலேம்ல ஆயர் சிரில் காலத்துல, 4ஆம் நூற்றாண்டு நடுவுல, எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க. திருமுழுக்கு வாங்குறவங்க முதல்ல மேற்கே பாத்து நிப்பாங்க, இருட்டு அந்தப் பக்கம்தானே, கையை நீட்டி சாத்தானே உன்னை விட்டுட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்ற மாதிரி சொல்லுவாங்க. அப்புறம் கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிடுவாங்க. பழைய துணியைக் கழட்டிட்டு, எண்ணெய் பூசி, தொட்டில இறங்கி மூணு தடவை தண்ணிக்குள்ள முங்கி எழுவாங்க. பல ஊர்கள்ல வெள்ளைத் துணி போட்டு விட்டு எட்டு நாள் அதோட கோயிலுக்கு வர்ற வழக்கம் இருந்துச்சு, சில சபைகள்ல முதல் நற்கருணையோட பாலும் தேனும் குடுத்தாங்க, வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள்ள வந்துட்டீங்கன்னு.

மிலான்ல 387ஆம் வருஷம், ஏப்ரல் 24 ராத்திரி, 32 வயசு அகுஸ்தீன் இப்படித்தான் ஆயர் அம்புரோஸ் கையால திருமுழுக்கு வாங்கினாரு, கூடவே அவரோட மகன் அதேயோதாத்துவும். அம்மா மோனிக்கா வருஷக்கணக்கா அழுது ஜெபிச்சது அந்த ராத்திரி நிறைவேறுச்சு, அதே வருஷம் அவங்க இறந்தும் போனாங்க. அந்த எட்டுப் பட்டைத் தொட்டியோட மிச்சம் மிலான் பேராலயத்துக்குக் கீழ தோண்டி எடுத்திருக்காங்க, போறவங்க இறங்கிப் பாக்கலாம்.

இந்த ராத்திரி நடுவுல பல நூறு வருஷம் தொலைஞ்சும் போயிருந்துச்சு. குழந்தைத் திருமுழுக்கு வழக்கமானதும் இரவு வழிபாடு கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகந்து கடைசில சனிக்கிழமை காலைக்கே வந்துடுச்சு, வெயில் அடிக்கிறப்ப இதுவே அந்த இரவுன்னு நாலஞ்சு பேரை வெச்சு ஃபாதர் பாடிக்கிட்டு இருந்தாரு. 1951ல போப் 12ஆம் பத்திநாதர் சோதனையா ராத்திரிக்குத் திருப்பி, 1955ல ஆணை போட்டு, 1956ல இருந்து எல்லா இடத்துக்கும் கட்டாயம் ஆக்கினாரு. எண்பதைத் தாண்டின தாத்தா பாட்டி வீட்ல இருந்தா கேட்டுப் பாருங்க, காலை வழிபாடு நினைவுல இருக்கலாம்.

திருமுழுக்கு முடிஞ்சதும் எல்லாரும் மறுபடி திரி ஏத்தி தங்களோட வாக்குறுதியைப் புதுப்பிப்பாங்க, ஃபாதர் கேக்க கேக்க விட்டுவிடுகிறேன், நம்புகிறேன்னு சொல்லணும். திருமுழுக்கு வாங்காதவங்க சொல்ல வேண்டியதில்ல, சும்மா நின்னாப் போதும். அப்புறம் தண்ணி தெளிச்சிட்டு வருவாரு, முகத்துல படட்டும், துடைக்காதீங்க.

நற்கருணை நேரம்

மிச்சம் வழக்கமான பூசைதான். கத்தோலிக்கரா இருந்து தயாரா இருந்தா நற்கருணை வாங்கலாம், ஒரு மணி நேரம் முன்னாடி சாப்பிடாம இருக்கணும், தண்ணியும் மருந்தும் பரவாயில்ல. மத்தவங்க இடத்துலயே உக்காந்திருங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க, வரிசை உங்களைக் கடந்து போக கொஞ்சம் காலை மடக்கிக்கிட்டா போதும். ஞாயிறு கட்டாயமா பூசை பாக்கணும்கற கடனுக்கும் இந்தப் பூசை சேத்துதான், ஆனா காலைல மறுபடி போனாலும் நற்கருணை வாங்கலாம்.

முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க. மந்திரிச்ச தண்ணி அண்டாவுலயோ டிரம்லயோ வெச்சிருப்பாங்க, அதுக்குத்தான் அந்தக் காலி பாட்டில். வீட்டுக்குக் கொண்டு போய் வாசல்ல, பிள்ளைங்க மேல, புது வண்டி மேல தெளிப்பாங்க. முன்பின் தெரியாதவங்ககூட வந்து கை குடுத்து உயிர்ப்பு விழா வாழ்த்து சொல்லுவாங்க, நீங்களும் சொல்லுங்க.

சிஎஸ்ஐ, லூத்தரன் சபைகள்ல இருந்து வந்தவங்களுக்கு விடியற்காலை ஆராதனை பழக்கமா இருக்கும். அந்த வழக்கத்தோட முன்னோடி ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ல மொராவிய சபை வாலிபர்கள் 1732ல சூரியன் உதிக்கிற நேரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் பாடினது. ரெண்டுக்கும் போக உடம்புல தெம்பு இருந்தா போங்க, ஒண்ணு ராத்திரிக் காத்திருப்பு, இன்னொண்ணு விடிஞ்சதும் பெண்கள் கல்லறைக்கு ஓடினது.

உங்களுக்கே சேரணும்னு தோணினா

அன்னிக்கு ராத்திரியே போய் ஃபாதரைப் பிடிக்காதீங்க, மனுஷன் மூணு நாளா தூங்கியிருக்க மாட்டாரு. அடுத்த வாரம் பங்கு அலுவலகத்துல போய், பெரியவங்களுக்கான திருமுழுக்குத் தயாரிப்பு எப்ப ஆரம்பிக்குதுன்னு கேளுங்க. பழைய சபையோட படிப்படியான முறையை 1972ல புதுச் சடங்கா திரும்பக் கொண்டு வந்துட்டாங்க, அதனால இது ஒரே நாள்ல முடியுற வேலை இல்ல, மாசக்கணக்குல வகுப்பு, கூட நடக்க ஒரு ஞானப்பெற்றோர், தவக்காலத்தோட முதல் ஞாயிறையொட்டி பேர் எழுதுற சடங்கு, அப்புறம் அடுத்த வருஷம் இதே ராத்திரி திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூணும் சேந்து. தவக்காலம் பிப்ரவரிலயே ஆரம்பிச்சிடற வருஷம் நிறைய, அதனால மழைக்காலத்துக்கு முன்னாடியே பேசி வெச்சிடுங்க.